ஹாட்டி மெக்டேனியல்: ஆஸ்கர் வாங்கிய நடிகைக்கு ஏன் சுவரோரம் தனி மேசை?

1940 பிப்ரவரி 29. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் அம்பாசிடர் ஹோட்டல், கோகனட் குரோவ் அரங்கம். 12-வது ஆஸ்கர் விருது விழா. 'கான் வித் தி விண்ட்' படக்குழு ஒரு பெரிய மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. 13 பரிந்துரைகளோடு வந்திருக்கும் படம் அது. ஆனால் பரிந்துரைக்கப்பட்டவர்களில் ஒருவர் மட்டும் அந்த மேசையில் இல்லை. அவருக்கு அரங்கின் கடைசியில், சுவரை ஒட்டி ஒரு சின்ன மேசை போட்டிருந்தார்கள். கூடவே அவரோடு வந்த துணைவரும் அவருடைய ஏஜென்ட்டும்.

அந்தச் சின்ன மேசைகூட சும்மா கிடைத்துவிடவில்லை. அந்த ஹோட்டலில் கறுப்பினத்தவருக்கு அனுமதி கிடையாது. படத்தின் தயாரிப்பாளர் டேவிட் ஓ. செல்ஸ்னிக் தனியாகக் கேட்டு வாங்கிய சலுகை அது.

அன்றிரவு சிறந்த துணை நடிகைக்கான விருது அந்த மேசைக்குத்தான் போனது. ஹாட்டி மெக்டேனியல், ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர். அவர் தோற்கடித்தவர்களில், அதே படத்தில் நடித்து, படக்குழுவின் பெரிய மேசையில் உட்கார்ந்திருந்த ஒலிவியா டி ஹாவிலண்டும் ஒருவர்.

இந்தக் கதையைப் பெரும்பாலும் இதோடு முடித்துவிடுவார்கள். அநீதி நடந்தது, ஆனாலும் ஜெயித்தார், கைதட்டல். அப்படி முடித்தால் ஒரு சிக்கல் இருக்கிறது. ஹாட்டி ஜெயித்தது ஓர் அடிமைப் பெண் வேடத்துக்காக. அவரைக் கடுமையாக விமர்சித்தவர்களில் கறுப்பின உரிமைகளுக்காகப் போராடியவர்களே முன்னால் நின்றார்கள். அவர்கள் தரப்பில் நியாயம் இல்லையா? இருந்தது. அப்படியென்றால் ஹாட்டி செய்தது தப்பா? இதற்குப் பதில் தேட அவருடைய முழு வாழ்க்கையையும் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

யார் இந்த ஹாட்டி?

1893 ஜூன் 10-ஆம் தேதி கான்சாஸ் மாகாணத்தின் விச்சிட்டாவில் பிறந்தார். 13 பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா ஹென்றி, அம்மா சூசன் இருவருமே அடிமைகளாகப் பிறந்தவர்கள். அப்பா உள்நாட்டுப் போரில் வடக்கு அரசின் கறுப்பினப் படைப்பிரிவில் சேர்ந்து சண்டை போட்டவர். போரில் உடம்பு கெட்டுப்போன அவர், ஓய்வூதியத்துக்காகப் பல வருடங்கள் அரசாங்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. நாட்டுக்காகப் போரிட்டவரின் வீட்டிலேயே சாப்பாட்டுக்குத் திண்டாட்டம்.

குடும்பம் பிழைப்பு தேடி கொலராடோ மாகாணத்துக்குப் போனது. ஹாட்டி வளர்ந்தது டென்வர் நகரில். பள்ளியில் அவர் நன்றாகப் பாடுவார், கவிதைகளை நடித்துச் சொல்லுவார். அப்படி ஒரு போட்டியில் 1910-இல் பதக்கமும் வாங்கினார். வீட்டில் அண்ணன் ஓடிஸ், இன்னொரு அண்ணன் சாம், அக்கா எட்டா எல்லோருக்கும் மேடைதான் உலகம். ஹாட்டியும் படிப்பை விட்டுவிட்டு அண்ணனின் ஊர் சுற்றும் குழுவில் சேர்ந்துவிட்டார்.

அந்தக் காலத்தில் 'மின்ஸ்ட்ரல் ஷோ' என்று ஒன்று இருந்தது. வெள்ளைக்கார நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரை முட்டாளாக, சோம்பேறியாகக் காட்டிச் சிரிக்க வைக்கும் மேடை நிகழ்ச்சி. பின்னாளில் கறுப்பினக் கலைஞர்களே பிழைப்புக்காக அதே வடிவத்தில் ஆட வேண்டி வந்தது. 1914-இல் ஹாட்டியும் எட்டாவும் சேர்ந்து, பெண்கள் மட்டுமே நடிக்கும் ஒரு குழுவை நடத்தினார்கள். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஊரே எந்த வேடத்துக்காக அவரைத் திட்டியதோ, அந்த வேடத்தை அவர் தன் சொந்த மேடையில் இருபது வயதிலேயே ஆடிப் பார்த்திருந்தார். அங்கே குழு அவருடையது, என்ன செய்வது என்று முடிவெடுத்தவரும் அவரே.

1915-இல் முதல் கணவர் இறந்தார். அடுத்த வருடம் அண்ணன் ஓடிஸும் போய்விட்டார். 1920களில் டென்வரில் ஜார்ஜ் மாரிசன் என்பவரின் இசைக்குழுவோடு பாடினார். வானொலியில் பாடினார். 1926 முதல் 1929 வரை சொந்தமாகப் பல ப்ளூஸ் பாடல்களை இசைத்தட்டாகப் பதிவு செய்தார். நடிகையாகத்தான் நமக்கு அவரைத் தெரியும். ஆனால் சினிமாவுக்கு வருவதற்கு முன்பே அவர் ஒரு பாடகி, பாடலாசிரியர், நகைச்சுவைக் கலைஞர்.

கழிவறைப் பணியில் இருந்து ஹாலிவுட் வரை

1929-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. மேடை நிகழ்ச்சிகள் படுத்துவிட்டன. ஹாட்டி போய்ச் சேர்ந்த இடம் மில்வாக்கி நகருக்குப் பக்கத்தில் ஓர் இரவு விடுதி. பாட வாய்ப்பில்லை. பெண்கள் கழிவறையில் பணியாள் வேலைதான் கிடைத்தது. அந்த விடுதியில் வெள்ளைக்காரக் கலைஞர்கள் மட்டும்தான் மேடை ஏறுவார்கள். ஒருநாள் அவருக்கு ஒரு பாட்டு பாட இடம் கொடுத்தார்கள். அதற்கப்புறம் அவரை யாரும் கழிவறைக்குத் திருப்பி அனுப்பவில்லை. அங்கேயே நிரந்தரப் பாடகி ஆகிவிட்டார்.

1931-இல் லாஸ் ஏஞ்சலிஸ் வந்தார். அண்ணன் சாம் அங்கே கேஎன்எக்ஸ் வானொலியில் ஒரு நிகழ்ச்சியில் இருந்தார். ஹாட்டியும் அதில் சேர்ந்தார், பெயரும் கிடைத்தது. ஆனால் சம்பளம்? வானொலியில் பிரபலமாக இருந்துகொண்டே, வயிற்றுப்பாட்டுக்காக வீட்டு வேலைக்கும் போனார். அவ்வளவு குறைவான சம்பளம்.

பேசும் படம் வந்தபோது என்ன மாறியது?

ஹாட்டி ஹாலிவுட்டில் நுழைந்த நேரம் முக்கியமானது. பேசும் படங்கள் வந்து நான்கைந்து வருடங்கள்தான் ஆகியிருந்தன. மௌனப் படக் காலத்தில் முக்கியமான கறுப்பினக் கதாபாத்திரங்களைப் பல நேரங்களில் வெள்ளைக்காரர்களே முகத்தில் கரி பூசிக்கொண்டு நடித்துவிடுவார்கள். 1915-இல் வந்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' அதற்குப் பெயர்போன உதாரணம். 1927-இல் பேசும் பட யுகத்தைத் தொடங்கி வைத்த 'தி ஜாஸ் சிங்கர்' படத்திலும் நாயகன் அல் ஜோல்சன் கரி பூசிக்கொண்டு பாடினார்.

ஒலி வந்ததும் ஸ்டூடியோக்களுக்குக் குரல் தேவைப்பட்டது. பாடத் தெரிந்த, மேடையில் வசனம் பேசிப் பழகிய ஆட்கள் வேண்டும். 1929-இல் 'ஹார்ட்ஸ் இன் டிக்ஸி', 'ஹலேலூயா' என்று கறுப்பின நடிகர்களையே முழுக்க வைத்து இரண்டு படங்கள் வந்தன. கதவு திறக்கிறது என்று நிறையப் பேர் நம்பினார்கள்.

கதவு கொஞ்சம்தான் திறந்தது. 1934 முதல் ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் கறாராக அமலுக்கு வந்தன. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையே காதலோ திருமணமோ திரையில் வரவே கூடாது என்பது அதில் ஒரு விதி. இந்த ஒரு விதி என்னென்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். நாயகன், நாயகி இருவரும் வெள்ளையர் என்றால், கறுப்பின நடிகைக்குக் காதலி வேடம் கிடையாது, மனைவி வேடம் கிடையாது, நாயகனின் மனதைக் குழப்பும் இன்னொரு பெண் வேடமும் கிடையாது. அதோடு தென் மாகாணத் தியேட்டர்காரர்கள் முகம் சுளிப்பார்களோ என்ற வியாபாரக் கணக்கு வேறு. எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது ஒன்றுதான்: நாயகி வீட்டுச் சமையலறை.

எண்கள் சொல்லும் கதை

ஹாட்டி சுமார் 300 படங்களில் நடித்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. திரையில் பெயர் வந்ததோ எண்பது சொச்சம் படங்களில்தான். அதாவது நான்கு படத்தில் மூன்றில் அவருக்குப் பெயரே இல்லை. வந்தார், கதவைத் திறந்தார், தட்டை வைத்தார், போனார். அவர் பணிப்பெண்ணாக நடித்த படங்கள் மட்டுமே எழுபதுக்கும் மேல்.

இதோடு இன்னொரு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். 1940-இல் அமெரிக்காவில் வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் வீட்டு வேலை செய்தவர்கள். அந்த வருடம்தான் ஹாட்டிக்கு ஆஸ்கர். ஆக, நிஜத்தில் ஐந்தில் மூன்று பேர் பார்த்த வேலை, திரையில் மட்டும் கிட்டத்தட்ட எல்லோருக்குமான வேலையாகிவிட்டது. மீதி இரண்டு பேர், அதாவது ஆசிரியர், செவிலியர், சின்னதாகத் தொழில் நடத்தியவர் என்று எல்லோரும் இருந்தார்கள். அவர்களைத்தான் சினிமாவில் காணோம்.

ஹாட்டி மீது வந்த விமர்சனத்தின் சாரம் இதுதான். அவரோ இதே எண்களை வேறு பக்கத்திலிருந்து பார்த்தார். நிஜ வீட்டில் வேலைக்காரியாக இருந்தால் வாரம் 7 டாலர், அதையே திரையில் நடித்தால் 700 டாலர். அவர் விமர்சகர்களுக்குச் சொன்னதாக இன்றுவரை பேசப்படும் கணக்கு இது. அவர் வெறும் வாய்ப்பேச்சாக இதைச் சொல்லவில்லை. இரண்டு வேலையையும் பார்த்தவர் அவர்.

வேலைக்காரி வேடத்துக்குள் ஒரு குறும்பு

1932-இல் 'தி கோல்டன் வெஸ்ட்'. 1933-இல் மே வெஸ்ட்டோடு 'ஐம் நோ ஏஞ்சல்'. 1934-இல் ஜான் ஃபோர்ட் இயக்கிய 'ஜட்ஜ் பிரீஸ்ட்'. அதில் அன்றைய பெரிய நட்சத்திரம் வில் ராஜர்ஸோடு சேர்ந்து பாடினார், கவனிக்க வைத்தார்.

1935-இல் வந்த 'ஆலிஸ் ஆடம்ஸ்' படத்தை வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள். கேத்தரின் ஹெப்பர்ன் நடித்த நாயகியின் குடும்பம் வசதியில்லாதது. பணக்காரக் காதலனை விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு, தங்களைப் பெரிய இடமாகக் காட்டிக்கொள்ள ஒரு நாளைக்கு மட்டும் பணிப்பெண்ணை அமர்த்துகிறது. அந்தப் பணிப்பெண்தான் ஹாட்டி. வாயில் சூயிங்கம். தலையில் வைத்த தொப்பி நழுவிக்கொண்டே இருக்கிறது. புழுக்கமான இரவில் சூடான சாப்பாட்டைக் கொண்டுவந்து வைக்கும்போது, இந்த நாடகத்தில் எனக்கு என்ன வேலை என்பது போல ஒரு பார்வை. வசனம் கொஞ்சம்தான். ஆனால் அந்தக் குடும்பத்தின் பொய்யைக் கண்டுபிடித்துவிட்ட ஒரே ஆள் அவர்தான் என்று பார்ப்பவர்களுக்குப் புரிந்துவிடும்.

1938-இல் 'தி மேட் மிஸ் மேன்டன்' படத்தில் நாயகன் ஹென்றி ஃபோண்டா முகத்திலேயே தண்ணீரை ஊற்றுவார். ஒரு கறுப்பினப் பணிப்பெண் வெள்ளைக்கார நாயகனின் முகத்தில் தண்ணீர் ஊற்றுவது அன்றைய அமெரிக்காவில் சாதாரண நகைச்சுவை இல்லை. எஜமானி சொல்லித்தான் செய்கிறார் என்ற சாக்கு திரைக்கதையிலேயே இருந்ததால் தப்பித்தது.

இடையில் 1936-இல் 'ஷோ போட்'. அதில் பால் ராப்சனுக்கு ஜோடி. பாடவும் ஆடவும் கொஞ்சம் இடம் கிடைத்த படம்.

அந்த ஒரு படம்

மார்கரெட் மிட்செல் எழுதிய 'கான் வித் தி விண்ட்' நாவல் 1936-இல் வெளியாகி சக்கைப் போடு போட்டது. கதை உள்நாட்டுப் போர்க்கால ஜார்ஜியாவில் நடக்கிறது. அடிமைகளை வைத்திருந்த பண்ணையார்களை ஏக்கத்தோடு திரும்பிப் பார்க்கும் கதை. அதில் நாயகி ஸ்கார்லெட்டை வளர்த்த அடிமைப் பெண்ணுக்கு 'மேமி' என்று பெயர். உண்மையில் அது பெயரே இல்லை. நம்மூரில் 'ஆயா' என்று கூப்பிடுகிற மாதிரி, வெள்ளைக்காரக் குழந்தைகளை வளர்த்த கறுப்பினப் பெண்களுக்கான பொது அழைப்பு. முழுக் கதையிலும் அவருக்கு சொந்தப் பெயர் கிடையாது.

அந்த வேடத்துக்குக் கடும் போட்டி. ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில் வேலை பார்த்த பணிப்பெண்ணையே சிபாரிசு செய்தார் என்பார்கள். கடைசியில் ஹாட்டிக்கே கிடைத்தது.

படப்பிடிப்பு தொடங்கும் முன்பே கறுப்பினப் பத்திரிகைகளும் உரிமை அமைப்பான என்ஏஏசிபியும் செல்ஸ்னிக்குக்கு எதிர்ப்பைத் தெரிவித்தன. கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் வசைச்சொல் திரைக்கதையிலிருந்து நீக்கப்பட்டது. கூ க்ளக்ஸ் கிளான் என்ற பெயரும் படத்தில் வரவில்லை. கதையின் அடித்தளம் மட்டும் அப்படியே இருந்தது.

அந்த அடித்தளத்துக்குள் நின்றுகொண்டு ஹாட்டி என்ன செய்தார்? அவருடைய மேமி ஸ்கார்லெட்டை அதட்டுகிறார், முறைக்கிறார், குறுக்கே பேசுகிறார். அந்த வீட்டில் யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பிற்பகுதியில் ஒரு காட்சி. ஸ்கார்லெட்டின் குழந்தை இறந்த பிறகு, மெலனியாக நடித்த ஒலிவியா டி ஹாவிலண்டோடு மேமி மாடிப்படி ஏறுகிறார். ஏறிக்கொண்டே, அந்த வீட்டில் நடந்ததையெல்லாம் அழுகையோடு சொல்கிறார். குழந்தை இறந்ததற்குப் பிந்தைய நாட்களைப் படம் நமக்குக் காட்டுவதே இல்லை. ஹாட்டியின் குரலில்தான் கேட்கிறோம். ஆஸ்கரை அவருக்கு வாங்கிக் கொடுத்தது இந்தக் காட்சி என்று சொல்பவர்கள் நிறைய.

அட்லாண்டாவுக்கு ஏன் போகவில்லை?

1939 டிசம்பர் 15. அட்லாண்டாவின் லோஸ் கிராண்ட் தியேட்டரில் படத்தின் முதல் காட்சி. ஊரே திருவிழாக் கோலம். நட்சத்திரங்கள் எல்லாம் வந்தார்கள். ஹாட்டி வரவில்லை. ஜார்ஜியாவின் இனப் பிரிவினைச் சட்டப்படி அவரால் சக நடிகர்களோடு ஒரே வரிசையில் உட்கார முடியாது. நாயகன் கிளார்க் கேபிள் இதற்காகவே விழாவைப் புறக்கணிக்கப் போவதாகச் சொன்னதாகவும், ஹாட்டிதான் அவரைச் சமாதானப்படுத்திப் போக வைத்ததாகவும் சொல்வார்கள். விழா மலரின் பின்னட்டையில் இருந்த ஹாட்டியின் படமும் அட்லாண்டா பதிப்பில் எடுக்கப்பட்டது.

முதல் நாள் இரவு நடந்த விருந்தில் ஒரு தேவாலயப் பாடகர் குழு பாடியது. அடிமைகளைப் போல உடை போட்டுக்கொண்டு பாடிய அந்தக் கறுப்பினக் குழுவில் 10 வயதுப் பையன் ஒருவனும் இருந்தான். அவன் பெயர் மார்ட்டின் லூதர் கிங்.

இரண்டரை மாதம் கழித்து அந்த ஆஸ்கர் இரவு. துணை நடிகர்களுக்கான விருதே அப்போது நான்கு வருடக் குழந்தை. நாம் பார்க்கும் தங்கச் சிலையும் அப்போது துணை நடிகர்களுக்குக் கிடையாது, ஒரு சின்னப் பலகைதான். ஹாட்டி கண்ணீரோடு நன்றி சொன்னார். தன் இனத்துக்கும் சினிமாத் தொழிலுக்கும் பெருமை சேர்ப்பவளாக இருப்பேன் என்ற பொருளில் பேசிவிட்டு, சுவரோர மேசைக்குத் திரும்பினார்.

இரண்டு பக்கமும் அடி

விருதுக்கு அப்புறம் நல்ல வேடங்கள் குவியும் என்றுதானே நினைப்போம்? குவிந்தவை மறுபடியும் பணிப்பெண் வேடங்கள். விதிவிலக்கு போல ஒன்று, 1942-இல் ஜான் ஹூஸ்டன் இயக்கிய 'இன் திஸ் அவர் லைஃப்'. சட்டம் படிக்கும் தன் மகன் மீது வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி பொய்ப்பழி போட, உண்மை தெரிந்தும் உலகம் நம்பாது என்று கலங்கி நிற்கும் தாய் வேடம். அதிலும் அவர் வீட்டு வேலைக்காரிதான். ஆனால் நகைச்சுவைக்காக அல்ல.

அதே 1942-இல் என்ஏஏசிபி தலைவர் வால்டர் ஒயிட் ஹாலிவுட்டுக்கு வந்து ஸ்டூடியோ முதலாளிகளைச் சந்தித்தார். வேலைக்காரி, கோமாளி வேடங்களை விட்டு கறுப்பினத்தவரைச் சாதாரண மனிதர்களாகக் காட்டுங்கள் என்று கேட்டார். லீனா ஹார்ன் போன்ற புதிய நட்சத்திரங்களை முன்னிறுத்தினார். கோரிக்கை நியாயமானது. ஆனால் இந்தப் பேச்சுவார்த்தையில் அதுவரை அந்த வேடங்களில் நடித்து வயிறு கழுவிய நடிகர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஹாட்டிக்குக் கோபம் வந்தது. வெள்ளைக்கார ஸ்டூடியோக்கள் அவருக்குப் பணிப்பெண் வேடத்தைத் தவிர எதுவும் தரமாட்டார்கள். தன் இனத் தலைவர்களோ அதில் நடிக்காதே என்கிறார்கள். இரண்டையும் கேட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

இங்கே எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். ஒயிட் சொன்னதும் சரி, ஹாட்டியின் கோபமும் சரி. ஒரு வேடம் லட்சக்கணக்கான பார்வையாளர்களின் மனதில் என்ன செய்கிறது என்று பார்த்தார் ஒயிட். அந்த வேடம் போனால் அடுத்த மாத வாடகை என்னாகும் என்று பார்த்தார் ஹாட்டி. இந்தச் சண்டை முழுக்க இவர்கள் இருவருக்கும் இடையில் நடந்தது. கதை எழுதியவர்கள், பணம் போட்டவர்கள், விதி வகுத்தவர்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

வீட்டுக்காக ஒரு வழக்கு

ஹாட்டியைப் பற்றிய கட்டுரைகளில் அதிகம் பேசப்படாத அத்தியாயம் இது. எனக்குக் கேட்டால், ஆஸ்கருக்குச் சமமாக வைக்க வேண்டியது.

1942-இல் லாஸ் ஏஞ்சலிஸின் வெஸ்ட் ஆடம்ஸ் ஹைட்ஸ் பகுதியில் பெரிய வீடு ஒன்றை வாங்கினார். வசதியான கறுப்பினக் குடும்பங்கள் குடியேறத் தொடங்கியதால் அந்தப் பகுதிக்கு 'சுகர் ஹில்' என்று பெயர் வந்தது. நடிகைகள் லூயிஸ் பீவர்ஸ், எத்தல் வாட்டர்ஸ் போன்றோரும் அங்கே வந்தார்கள். பிரச்சினை என்னவென்றால், அந்த வீடுகளின் பத்திரங்களிலேயே ஒரு நிபந்தனை எழுதப்பட்டிருந்தது: வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கவோ குடிவைக்கவோ கூடாது. வீடு தேடிப் போன இடத்தில் பெயரையும் ஊரையும் துருவித் துருவி விசாரித்துவிட்டு 'அப்புறம் சொல்றோம்' என்று அனுப்பப்பட்ட அனுபவம் உங்களுக்கு இருந்தால், இது புரிய அதிக நேரம் ஆகாது. ஒரே வித்தியாசம், அங்கே அதைச் சட்டபூர்வமான ஒப்பந்தமாகவே எழுதி வைத்திருந்தார்கள்.

வெள்ளைக்கார வீட்டுக்காரர்கள் சிலர் இவர்களை வெளியேற்றக் கோரி வழக்கு போட்டார்கள். ஹாட்டி ஒதுங்கிப் போகவில்லை. பாதிக்கப்பட்ட அண்டை வீட்டுக்காரர்களைத் தன் வீட்டிலேயே கூட்டி, எல்லோரும் சேர்ந்து வழக்கை நடத்த வைத்தார். வழக்கறிஞர் லோரன் மில்லர் அவர்களுக்காக வாதாடினார். 1945 டிசம்பரில் நீதிபதி தர்மண்ட் கிளார்க் வழக்கைத் தள்ளுபடி செய்தார். அமெரிக்க அரசியல் சாசனத்தின் 14-வது திருத்தம் தரும் உரிமைகளைக் கறுப்பினத்தவருக்கு நீதிமன்றங்கள் இனியும் தட்டிக்கழிக்கக் கூடாது என்பது அவர் நிலைப்பாடு.

விஷயம் அதோடு நிற்கவில்லை. மூன்று வருடம் கழித்து, 1948-இல், இதுபோன்ற நிபந்தனைகளை நாட்டின் எந்த நீதிமன்றமும் அமல்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'ஷெல்லி எதிர் கிரேமர்' தீர்ப்பில் சொன்னது. அதோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட வழக்கில் வாதாடியவர்களில் ஒருவர் அதே லோரன் மில்லர். திரையில் யாருடைய வீட்டிலோ வேலைக்காரியாக நின்ற பெண், நிஜத்தில் தன் வீட்டில் தான் குடியிருக்கும் உரிமைக்காக நீதிமன்றம் போய் ஜெயித்தார்.

பியூலா: அதே வேடம், வேறு ஒப்பந்தம்

1947 நவம்பரில் சிபிஎஸ் வானொலியில் 'பியூலா' தொடரின் நாயகி ஆனார். ஒரு தேசிய வானொலித் தொடரில் முதன்மை வேடம் ஏற்ற முதல் கறுப்பினப் பெண் இவர்தான். பியூலாவும் ஒரு பணிப்பெண்தான். ஹாட்டிக்கு முன்னால் அந்தக் கதாபாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? வெள்ளைக்கார ஆண்கள்.

இந்த முறை ஹாட்டி கையெழுத்து போடும் முன்பு நிபந்தனை வைத்தார். கொச்சையாக உடைத்துப் பேசும், 'கறுப்பினப் பேச்சு' என்று எழுத்தாளர்கள் நினைத்துக்கொள்ளும் அந்த வழக்கில் பேச மாட்டேன். பிடிக்காத வசனத்தை மாற்றச் சொல்லும் உரிமையும் வேண்டும். இரண்டும் கிடைத்தன. தொடக்கத்தில் வாரம் 1,000 டாலர் சம்பளம். வேடத்தை மாற்ற முடியாவிட்டாலும் வேடம் பேசும் மொழியை அவரால் மாற்ற முடிந்தது. நேற்று வரை அவரைத் திட்டிய அமைப்புகளிடமிருந்தும் பாராட்டு வந்தது.

தொடர் தொலைக்காட்சிக்குப் போனபோது ஹாட்டியும் நடித்தார். சில அத்தியாயங்களிலேயே உடல்நிலை மோசமாகிவிட்டது. மார்பகப் புற்றுநோய்.

இறந்த பிறகும் ஒரு மறுப்பு

1952 அக்டோபர் 26-ஆம் தேதி ஹாட்டி காலமானார். தன் இறுதிச் சடங்கு எப்படி இருக்க வேண்டும் என்று முன்பே எழுதி வைத்திருந்தார். வெள்ளைப் பெட்டி, தலையில் கார்டீனியா பூ, ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். சினிமாக்காரர்கள் பலர் உறங்கும் இடம் அது. கறுப்பினத்தவர் என்பதால் அங்கே இடம் மறுக்கப்பட்டது. ரோஸ்டேல் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்தார்கள்.

அவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு 10,000 டாலருக்கும் குறைவு. வருமான வரித்துறை கேட்ட பாக்கி 11,000 டாலருக்கும் அதிகம். சுமார் 300 படங்களில் நடித்த ஒருவரின் கடைசிக் கணக்கு இது.

ஆஸ்கர் பலகையை வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்திருந்தார். கறுப்பின மாணவர்களுக்கென்றே வளர்ந்த கல்வி நிறுவனம் அது. பின்னாளில் அந்தப் பலகை அங்கிருந்து காணாமல் போனது.

அதற்கப்புறம் என்ன நடந்தது?

அம்பாசிடர் ஹோட்டல் போன்ற இடங்கள் இனத்தைச் சொல்லி ஆளை வெளியே நிறுத்துவதைத் தடுக்கும் உன்ரூ சட்டம் கலிபோர்னியாவில் 1959-இல்தான் வந்தது. 1960களில் சான்டா மோனிகா நெடுஞ்சாலை சுகர் ஹில் பகுதியை நடுவில் பிளந்துகொண்டு போனது. நீதிமன்றத்தில் ஜெயித்துக் காப்பாற்றிய பகுதியைச் சாலைத் திட்டம் கூறுபோட்டது.

ஹாட்டிக்குப் பிறகு நடிப்புக்கான போட்டிப் பிரிவில் இன்னொரு கறுப்பினக் கலைஞர் ஆஸ்கர் வாங்க 24 வருடம் ஆனது. அவர் சிட்னி பாய்ட்டியர், 1964-இல். இன்னொரு கறுப்பின நடிகை வாங்க 51 வருடம். அவர் வூப்பி கோல்ட்பர்க், 1991-இல். சிறந்த நாயகிக்கான விருது ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு முதன்முதலில் கிடைத்தது 2002-இல், ஹேலி பெரிக்கு.

1999-இல், முன்பு இடம் மறுத்த அதே ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தின் புதிய நிர்வாகம், அங்கே ஹாட்டிக்கு நினைவுச்சின்னம் எழுப்பியது. 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை அவர் படத்தோடு தபால்தலை வெளியிட்டது. 2010-இல் துணை நடிகைக்கான ஆஸ்கரை வாங்கிய மோனிக், மேடையில் ஹாட்டிக்கு நன்றி சொன்னார். 2020-இல் அமெரிக்காவில் இனவெறிக்கு எதிரான போராட்டங்கள் நடந்தபோது, 'கான் வித் தி விண்ட்' படத்தை எச்பிஓ மேக்ஸ் தளம் தற்காலிகமாக நீக்கிவிட்டு, வரலாற்றுப் பின்னணியைச் சொல்லும் அறிமுகத்தோடு திரும்பச் சேர்த்தது. ஹாட்டி உயிரோடு இருந்தபோது தொடங்கிய விவாதம் இன்னும் ஓயவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

2023 அக்டோபர் 1-ஆம் தேதி, காணாமல் போன விருதுக்குப் பதிலாகப் புதியதொன்றை ஆஸ்கர் அகாடமி ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்தது. அந்தப் பலகையில் இருப்பது அவருடைய சொந்தப் பெயர். பழைய படம் ஏதாவது பார்க்கும்போது, கதவைத் திறந்துவிட்டு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போகும் பணிப்பெண் கண்ணில் பட்டால், படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அவருடைய பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.